இருநூற்றுப் பன்னிரண்டு முறை அட்மிட் ஆன தாமஸ்

நிரல் எழுதிப் பிழைக்கும் உங்களில் ஒருவர் போன வாரம் எனக்கு எழுதியிருந்தார். நிரலைச் சோதிக்கும் ஒவ்வொரு டெஸ்டுக்கு முன்னாலும் ஆயத்தம் செய்ய நாற்பது வரி செட்டப் வருகிறதாம், போரடிக்கிறதாம், எப்படிக் குறைப்பது என்று கேட்கிறார். கேள்வி சரி. காரணம்தான் சகிக்கவில்லை. உங்களுக்குப் போரடிக்காமல் பார்த்துக்கொள்வதற்காக இந்தத் தொழில் ஏற்படவில்லை. நாற்பது வரியை எடுத்து ஒட்ட இரண்டு பொத்தான் போதும், விரல் ஒன்றும் தேய்ந்துவிடாது. கெட்டுப்போவது கண். ஐம்பதாவது தடவை அந்த நாற்பது வரியை யாரும் படிப்பதில்லை. படிக்காத வரிக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. எழுதியவருக்கே தெரியாது.

இதை நான் பெரிய ஞானியாக நின்று சொல்லவில்லை. அந்த நாற்பது வரியை முதலில் எழுதியவள் நான்தான்.

இரண்டாயிரங்களின் கடைசி வருஷங்கள் அவை. தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கி ஜி.எஸ்.டி. ரோட்டைக் கடந்தால் ஒரு மூன்று மாடிக் கட்டடம். கீழே டயர் கடை. மேலே நாங்கள் முப்பது பேர், வெளிநாட்டில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கம்ப்யூட்டர் திரைகள் செய்துகொண்டிருந்தோம். வார்டில் படுத்திருப்பவர்களுக்கு அன்றைக்கு என்ன சாப்பாடு என்று நர்ஸ் தேர்ந்தெடுக்கும் திரை. ஒருவருக்குக் கடலை ஒத்துக்கொள்ளாது என்றால் கடலை போட்ட பதார்த்தம் மங்கிப்போய்விட வேண்டும், அழுத்தினாலும் ஏற்கக் கூடாது. அந்தத் திரை உருப்படியாகச் செய்ய வேண்டிய வேலை இது ஒன்றுதான். மற்றதெல்லாம் கலர்.

திரையின் ஒவ்வொரு நடத்தையையும் தானாகவே சோதித்துப் பார்க்கும் சின்னச் சின்ன நிரல்களை நாங்கள் எழுதினோம். பிரவுசரில் ஒரு பக்கத்தைத் திறந்தால் அவை வரிசையாக ஓடும். எல்லாம் சரியென்றால் பச்சைப் பட்டை, இல்லையென்றால் சிவப்பு. ஒவ்வொரு டெஸ்டும் ஓடுவதற்கு முன்னால் ஒரு பொய் வார்டு, ஒரு பொய் உணவுப் பட்டியல், ஒரு பொய் நோயாளி, இவற்றை உருவாக்கி வைக்க வேண்டும். அதற்குத்தான் அந்த நாற்பது வரி. என் பொய் நோயாளிக்கு தாமஸ் என்று பெயர் வைத்தேன். என் மைத்துனர் பெயர் அது. வயது நாற்பத்திரண்டு, மூன்றாம் வார்டு, எதுவும் ஒத்துக்கொள்ளாமல் போகாத உடம்பு. அடுத்து டெஸ்ட் எழுதியவர் என்னுடையதை எடுத்து ஒட்டினார். அவருடையதை அதற்கடுத்தவர். இப்படியே இருநூற்றுப் பன்னிரண்டு டெஸ்ட் ஆயிற்று. பட்டை பச்சை. நாங்கள் கேக் வெட்டினோம்.

ஏன் யாரும் அந்த நாற்பது வரியை ஒரே இடத்தில் எழுதிவிட்டு அதைக் கூப்பிடவில்லை? அறிவில்லை என்று நினைக்காதீர்கள். அறிவு ரொம்பவே இருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் மேனேஜர் ஒரு அட்டவணை அனுப்புவார். யார் அந்த வாரம் எத்தனை வரி எழுதினார்கள், யார் எத்தனை டெஸ்ட் எழுதினார்கள் என்று. இரண்டு வரி டெஸ்டுக்கு நாற்பது வரி செட்டப்பை ஒட்டினால் நாற்பத்திரண்டு வரி கணக்கில் ஏறும். அந்த நாற்பதை ஒதுக்கி வைப்பவன் பைத்தியக்காரனாகத்தான் இருக்க வேண்டும். காலி வரியும் வரியாகத்தான் எண்ணப்படுகிறது என்று கண்டுபிடித்த ஒரு மகானுபாவர் அந்த வருஷம் சிறந்த ஊழியர் கோப்பை வாங்கினார். கை தட்டியவர்களில் நானும் உண்டு.

இந்த லட்சணத்தில்தான் ஜாகிர் வந்து சேர்ந்தான். பல்லாவரத்துப் பையன், இருபத்தேழு வயது. திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில், மெஷின்களுக்கு அச்சும் கருவியும் செய்யும் ஒரு டூல் ரூமில் எட்டு வருஷம் வேலை பார்த்துக்கொண்டே மாலை வகுப்பில் படித்து முடித்திருந்தான். அவன் அப்பாவும், அத்தா என்பான், அதே ஷெட்டில் ஃபோர்மேன். அந்த வேலையை விட்டுவிட்டு கம்ப்யூட்டருக்குப் போகிறேன் என்று இவன் சொன்ன நாளிலிருந்து அவர் இவனோடு பேசுவதில்லை. ஆறு மாதம் முடிந்து நிரந்தரம் ஆனதும், அந்தக் கடிதத்தைக் கொண்டுபோய் அத்தாவிடம் காட்ட வேண்டும், அதுதான் அவன் கணக்கு. என்னிடமே சொல்லியிருக்கிறான். இன்டர்வியூவில் மேனேஜருக்கு அவனைப் பிடிக்கவில்லை. "பேச்சைக் கேட்டீங்களா எஸ்தர்? க்ளையன்ட் கால்ல இவரை எப்படி உட்கார வைக்கிறது?" என்றார். க்ளையன்ட் தமிழில் பேசப்போவதில்லை என்று நான் சொன்னேன். அவனை எடுக்க வைத்தது நான்தான். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பெருமைக்காகச் சொல்லவில்லை.

மூன்றாவது மாதம், ஒரு காலையில் என் மேஜைக்கு வந்தான்.

"அக்கா, யாருக்கா இந்த தாமஸு?"

"என் மைத்துனர். ஏன்?"

"இன்னா சீக்கு அவருக்கு? இருநூத்திப் பன்னெண்டு வாட்டி அட்மிட் ஆயிகீறாரு. ஒரு வாட்டிகூட டிஸ்சார்ஜ் ஆவல."

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

"தமாசு இல்லக்கா. கடலை ஒத்துக்காத பேஷண்ட்டுன்னு தலைப்பு போட்டுகீது. உள்ள போய்ப் பாத்தா தாமஸு படுத்துகினு கீறாரு. பால் ஒத்துக்காத பேஷண்ட்டு, அதுலயும் தாமஸு. தாமஸுக்குதான் எல்லாமே ஒத்துக்குதே! பின்ன இன்னாத்தைக்கா நாம டெஸ்ட் பண்றோம்?"

நான் போய்ப் பார்த்தேன். ஒத்துக்கொள்ளாமை பற்றி மட்டும் பதினோரு டெஸ்ட். பதினொன்றிலும் தலைப்பு வேறு, தாமஸ் ஒன்று. கடைசி இரண்டு வரியும் ஒன்றுதான், உணவுப் பட்டியல் திரையில் தெரிகிறதா என்று மட்டும் கேட்டது. தெரிந்தது. பச்சை. பதினோரு பேர் தலைப்பை மாற்றி எழுதிவிட்டு அடியில் இருப்பதைப் பார்க்காமல் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். அதில் மூன்றுக்கு மேற்பார்வைக் கையெழுத்து என்னுடையது.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது, அவன் மேல். இவ்வளவு பேர் பார்க்காததை இவன் எதற்குப் பார்த்தான் என்று. அப்புறம்தான் வெட்கம் வந்தது. இந்த வரிசையை நீங்களும் ஒருநாள் கவனிப்பீர்கள்.

"சரி, என்ன பண்ணலாம்னு சொல்லு" என்றேன்.

டூல் ரூமில் ஜிக் என்று ஒன்று உண்டு என்றான். நூறு இரும்புத் துண்டில் ஒரே இடத்தில் ஓட்டை போட வேண்டும் என்றால், துண்டை அசையாமல் பிடித்துக்கொள்ள ஒரு சட்டம் செய்வார்கள், அதுதான் ஜிக். பொதுவான வேலையை அது பார்த்துக்கொள்ளும். "ஆனா ஜிக்குக்குள்ள பீஸையே ஒளிச்சி வெச்சிடக் கூடாதுக்கா. மெஷின்ல நிக்கறவன் கண்ணுக்கு பீஸு தெரியணும்" என்றான். அதைத்தான் அவன் செய்தான். வார்டு, உணவுப் பட்டியல், திரையைத் திறப்பது, இவை எல்லா டெஸ்டுக்கும் பொது, எனவே ஒரே இடத்துக்குப் போயின. யாருக்கு என்ன ஒத்துக்கொள்ளாது என்பது மட்டும் அந்தந்த டெஸ்டுக்குள்ளேயே, படிக்கிறவர் கண்ணில் படும்படி ஒரு வரியாக நின்றது.

இப்போது நீங்கள் செய்வதை நானும் பார்க்கிறேன். குறைக்கிறேன் பேர்வழி என்று எல்லாவற்றையும் கொண்டுபோய் ஒரு பொதுக் கோப்பில் திணித்துவிடுகிறீர்கள். டெஸ்டில் மிச்சம் ஒரே ஒரு வரி, அதைப் படித்தால் யார் நோயாளி, என்ன வியாதி, ஒன்றும் விளங்காது. இன்னும் சிலர் அந்தப் பொதுக் கோப்புக்குப் பதினாலு விருப்பத் தேர்வுகள் வைத்து, அதைச் சோதிக்கவே தனி டெஸ்ட் எழுதும் நிலைக்குப் போயிருக்கிறார்கள். எங்கள் தாமஸ் நாற்பது வரிக்குக் கீழே ஒளிந்திருந்தார். உங்கள் தாமஸ் வேறு கோப்பில் ஒளிந்திருக்கிறார். இதில் என்ன முன்னேற்றம் என்று எனக்குப் புரியவில்லை.

ஜாகிருக்கு ஒன்றரை வாரம் ஆயிற்று. நாற்பது நாற்பது வரியாக உரித்து எடுத்ததும் உள்ளே இருந்தவை வெளியே தெரிந்தன. இருநூற்றுப் பன்னிரண்டில் எண்பத்தொன்று, தலைப்பைத் தவிர எழுத்துக்கு எழுத்து இன்னொன்றின் நகல். அவற்றை நீக்கினான். மிச்சம் நூற்று முப்பத்தொன்று. ஒத்துக்கொள்ளாமை டெஸ்ட்களில் நிஜமாகவே கடலை ஒத்துக்கொள்ளாத ஒருவரை முதன்முறையாகப் படுக்க வைத்து, கடலை மங்குகிறதா என்றும் கேட்க வைத்தான். பட்டை சிவப்பானது.

எங்கள் திரை ஒரு நோயாளியிலிருந்து இன்னொருவருக்கு மாறும்போது முந்தையவரின் பட்டியலையே கையில் வைத்துக்கொண்டிருந்தது. முதலில் தாமஸ் மாதிரி ஆளைத் திறந்து, உடனே கடலை ஆகாதவரைத் திறந்தால், கடலைச் சட்னி பளிச்சென்று தெரிந்தது. அழுத்தினால் ஏற்றுக்கொண்டது. இருநூற்றுப் பன்னிரண்டு பச்சையும் இதைத்தான் மூடிக்கொண்டிருந்தன. அந்தத் திரை ஆஸ்பத்திரிக்குப் போக நான்கு நாள்தான் இருந்தது. 

மேனேஜர் அறைக்குப் போனோம். சிவப்புப் பட்டையைக் காட்டி ஜாகிர் விளக்கினான். அவர் பட்டையைப் பார்க்கவில்லை. எண்ணைப் பார்த்தார்.

"நூத்தி முப்பத்தொண்ணா? போன வாரம் இருநூத்திப் பன்னெண்டுன்னு ரிப்போர்ட் அனுப்பியிருக்கேன். ஒப்பந்தத்துல இருநூறுக்குக் குறையக் கூடாதுன்னு இருக்கு. எண்பது டெஸ்ட் எங்க போச்சுன்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

"அது டெஸ்ட்டே இல்ல சார். ஒண்ணையே திருப்பித் திருப்பி..."

"நான் எஸ்தர்கிட்ட கேட்கறேன்."

நான் சொல்ல வேண்டிய வாக்கியம் ஒன்றே ஒன்றுதான். அவன் சொல்வது சரி, தப்பு என்னுடையது என்று. அது வாயில் வரவில்லை. "முதல்ல பிழையைச் சரி பண்ணிடலாம் சார். டெஸ்ட் விஷயத்தை அப்புறம் பேசிக்கலாம்" என்றேன். பெரிய ராஜதந்திரம் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். திரையில் இருந்த பிழையை அன்றே திருத்தினார்கள், யாருக்கும் தெரியாமல். டெஸ்ட்களைப் பழையபடியே திரும்ப வைக்கச் சொன்னார் மேனேஜர். தாமஸ் மறுபடி இருநூற்றுப் பன்னிரண்டு கட்டிலில் படுத்தார். திரை சரியாகத்தானே போகிறது, யாருக்கும் ஆபத்தில்லையே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை அட்டவணை வந்தது. அதில் அழித்த வரிகளைக் கழித்துவிடுவார்கள். அதுவரை யாரும் பெரிதாக எதையும் அழித்ததில்லை என்பதால் இப்படியும் ஆகும் என்று ஒருவருக்கும் தெரியாது. ஜாகிர் பெயருக்கு நேராக மைனஸ் போட்டு ஆயிரக்கணக்கில் ஓர் எண். அலுவலகமே கூடி நின்று சிரித்தது. அந்த வாரம் அவன் செய்த வேலை பூஜ்யத்துக்கும் கீழே என்று அட்டவணை சொல்லிற்று. பழைய டெஸ்ட்களைத் திரும்ப ஒட்டிவைத்த காலி வரிக்காரர் முதலிடத்தில் இருந்தார்.

ஆறாவது மாதம் அவனை நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்ற படிவம் என் மேஜைக்கு வந்தது. மேனேஜர் ஏற்கெனவே தட்டச்சு செய்து வைத்திருந்தார். 'சோதனைப் பணியின் அடிப்படையைப் புரிந்துகொள்ளவில்லை. குழுவின் உழைப்பை அழித்திருக்கிறார். நிரந்தரப் பணிக்குப் பரிந்துரைக்க இயலாது.' கீழே என் கையெழுத்துக்கு இடம். மேனேஜர் எதிரிலேயே நின்றார்.

"உங்க ப்ரமோஷன் பேப்பரும் இந்த வாரம்தான் போகுது எஸ்தர். இந்த எண்பத்தொண்ணு விஷயத்தைத் தோண்டினா, முதல் டெஸ்ட் யார் எழுதினதுன்னுதான் கேட்பாங்க."

அவர் மிரட்டினார் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். குரலைக்கூட உயர்த்தவில்லை அந்த மனிதர். எனக்குப் பயம், அவ்வளவுதான். பதினெட்டு வருஷ அனுபவம், இருபது பேருக்கு அக்கா, மீட்டிங்குகளில் தரம் பற்றி நெஞ்சை நிமிர்த்திப் பேசுகிறவள். கையெழுத்துப் போட எனக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

படிவத்தில் என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு வந்த ஜாகிர், அடையாள அட்டையை என் மேஜையில் வைத்துவிட்டு, "வர்றேன் மேடம்" என்றான். அதுவரை என்னை அவன் மேடம் என்று கூப்பிட்டதில்லை.

இரண்டு மாதம் கழித்து வாராந்தர அழைப்பில் ஆஸ்பத்திரியின் பக்கமிருந்து புதிதாக ஒரு என்ஜினியர் பேசினார். எங்கள் நிரல்கள் இருக்கும் சர்வரில் பழைய பதிப்புகளும் அழியாமல் இருக்கும். வேண்டாம் என்று சொன்னால் போய்விட்டது என்று நம்பிக்கொண்டிருந்தவர் எங்கள் மேனேஜர். இந்த என்ஜினியர் உட்கார்ந்து அத்தனையும் புரட்டியிருக்கிறார். நடுவில் நூற்று முப்பத்தொரு டெஸ்டோடு ஒரு பதிப்பு இருக்கிறதே, இந்த ப்ராஜெக்டில் நான் படித்துப் புரிந்துகொள்ள முடிந்தது அது ஒன்றுதான், அதை ஏன் தூக்கிப் போட்டீர்கள், எழுதியவரோடு பேச வேண்டும் என்று கேட்டார்.

 "அவர் லீவில் இருக்கிறார். அடுத்த வாரம் அழைப்பில் இருப்பார்" என்றார் மேனேஜர், பிசிறில்லாத ஆங்கிலத்தில். நானும் டைரியில் அடுத்த வாரம் என்று குறித்துக்கொண்டேன். போனை வைத்ததும் என்னைப் பார்த்தார்.

"நீங்க போய்க் கூட்டிட்டு வாங்க. பர்மனென்ட்னு லெட்டர் இப்பவே அடிச்சித் தர்றேன். நீங்க சொன்னா வருவான்."

ஜாகிர் பழைய டூல் ரூமுக்கே திரும்பிவிட்டான் என்று கேள்விப்பட்டிருந்தேன். பல்லாவரத்திலிருந்து குன்றத்தூர் பஸ்ஸில் போனேன். பை முழுக்க வேறொன்றும் இல்லை, அந்தக் கடிதம் மட்டும்தான். வழி நெடுக என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தேன். தப்பு நடந்துவிட்டது, அட்டவணை செய்த கோளாறு, மேனேஜர் அவசரப்பட்டுவிட்டார். எல்லா வாக்கியத்திலும் யாரோ ஒருவர் தப்பு செய்திருந்தார்கள், என்னைத் தவிர.

ஷெட்டில் ட்ரில்லிங் மெஷின் சத்தம் காதைப் பிளந்தது. நரைத்த தாடியோடு ஒருவர் வந்து யார் வேண்டும் என்று கேட்டார். சொன்னேன். அவர்தான் அத்தா. "பையனோட ஆபீஸ் மேடமா? உக்காருங்கம்மா" என்று ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டுவிட்டு, "இவன் எதுவும் சொல்ல மாட்டேங்கறான். இன்னா தப்பு பண்ணான்னு தூக்கிட்டீங்க?" என்று கேட்டார். கோபமில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அந்தக் கேள்வி என் ஒத்திகையில் இல்லை.

"தப்பு எதுவும் பண்ணலைங்க" என்றேன்.

அவர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, டீ சொல்லப் போனார். ஜாகிர் கழிவுத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். நான் கடிதத்தை நீட்டினேன். படித்தான், இரண்டு தடவை. அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

"ஒண்ணு கேக்கட்டுமா மேடம்?" என்றான். "அந்த ஃபார்ம்ல கையெழுத்து போட்டீங்களே, படிச்சிட்டா போட்டீங்க?"

இல்லை என்று சொல்வது எவ்வளவு சுலபம். எங்கள் அலுவலகத்தில் யார் எதைப் படித்தார்கள்? நாற்பது வரியை இருநூறு தடவை படிக்காமல் ஒட்டிய கூட்டம். படிக்காமல் போட்டுவிட்டேன் ஜாகிர், மன்னித்துக்கொள் என்றால் அவன் நம்பியிருப்பான். அவன் கண் அதைத்தான் எதிர்பார்த்தது.

"படிச்சேன்" என்றேன்.

அவன் கடிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்தான்.

"ரெண்டு மாசமா எனக்கு நானே அதத்தான் சொல்லிகினு இருந்தேன் மேடம். எங்க அக்கா படிக்காம போட்டிருப்பாங்கன்னு" என்றான். "படிக்கலன்னு சொல்லியிருந்தீங்கன்னா வந்திருப்பேன்."

கடிதத்தை என் கையில் கொடுத்துவிட்டு மெஷினுக்குப் போனான். அத்தா டீயோடு வந்தார். நான் அதை உட்கார்ந்து குடித்தேன்.